செல்போன் சார்ஜும் ரகசிய எண்ணும்

காலையில் முழு சார்ஜுடன் கழனிக்கு எடுத்துச் சென்ற செல்போன் மாலைக்குள் அணைந்துவிடுகிறது என்பது விவசாயிகளிடையே பரவலாக உள்ள குறை. பாட்டரி கெட்டுவிட்டதாக எண்ணிப் புதிய போன் வாங்குவோரும் உண்டு. பணத்தைச் செலவிடும் முன் சிக்னலைக் கவனிப்பது நல்லது.

யாரும் பேசாத நேரத்திலும் செல்போன் கோபுரத்தோடு தொடர்பு கொண்டபடியே இருக்கிறது. கோபுரம் தொலைவில் இருந்தால் அலையை அனுப்ப அதிக மின்சக்தி தேவைப்படும். நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் மோட்டார் திணறுவது போன்றதே இது. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆயினும் எல்லா இடத்திலும் அது ஒரே அளவில் கிடைப்பதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள வேங்கிக்காலில் கிடைக்கும் சிக்னல், ஜவ்வாது மலையடிவாரத்து மணிலாக் கொல்லையில் கிடைக்காமல் போகலாம். அங்கே 5ஜி-க்கும் 4ஜி-க்கும் போன் மாறி மாறி அலைவதால் சார்ஜ் வீணாகிறது.

இதற்குப் பரிகாரமாக ஒரு ரகசிய எண் சொல்லப்படுகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் ஒன்று திறக்கும். அதில் '4ஜி மட்டும்' என்று மாற்றிவிட்டால் சார்ஜ் நிற்கும் என்பார்கள். சில இடங்களில் பலன் கிடைக்கலாம். ஆனால் இது பழுது பார்ப்போருக்கான பட்டியல். விவசாயிகள் இதைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

காரணம் எளிது. 4ஜி வழியே பேசும் வசதி இல்லாத போனிலோ சிம்மிலோ இப்படி மாற்றினால், 2ஜி சிக்னல் நன்றாக இருந்தும் அழைப்பு வராது, போகாது. ஜியோ சேவையில் 2ஜி கிடையாது; மற்ற சில நிறுவனங்களின் சிம்மில் இந்தத் தொல்லை வரும். செல்போனால் மோட்டாரை இயக்குபவர் அதை நிறுத்த முடியாமல் தவிப்பார். இரவில் நீர் பாய்ச்சச் சென்றவரைப் பாம்பு கடித்தால் 108-ஐ அழைக்க இயலாமல் போகக்கூடும். சிறிது சார்ஜுக்காக உயிரைப் பணயம் வைப்பது தகாது.

பாதுகாப்பான வழி போனின் வழக்கமான அமைப்புகளிலேயே உண்டு. மொபைல் நெட்வொர்க் பகுதியில் சிம்மைத் தேர்ந்தெடுத்து, 5ஜி-யை மட்டும் நீக்கி, 4ஜி, 3ஜி, 2ஜி மூன்றும் சேர்ந்த வகையை வைத்துக்கொள்ளலாம். பேச்சுக்குத் தடை வராது. இணையம் தேவையில்லாதபோது டேட்டாவை அணைத்து வைக்கலாம். சிக்னலே இல்லாத இடத்தில் விமானப் படமுள்ள பொத்தானை அழுத்தி வைத்து, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் மறவாமல் நீக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் சார்ஜ் நிற்காவிடில் பாட்டரியைச் சோதிக்கலாம்.

உழவன் செயலியும், பி.எம். கிசான் தவணைக்கான சரிபார்ப்பும் இன்று செல்போனை நம்பியுள்ளன. விதை நேர்த்தியைக் கற்பிக்கும் பயிற்சி முகாம்களில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குவது அவசியம். கருவியைக் கொடுத்தால் போதாது. அதைப் பேணும் முறையையும் கற்றுத்தர வேண்டும்.