தரம் 6 ஆங்கிலம்: பெற்றோர் கவனத்திற்கு



பெற்றோர் கூட்டத்தில் தரம் 6 ஆங்கில வகுப்பைப் பற்றிச் சொல்ல எழும்பினோம். முதல் கேள்வியே, "சேர், எந்த டியூசனுக்கு அனுப்புற?" வாப்பாமாரைக் காணவேயில்லை, அது வேறு கதை.

தரம் 3 இலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளைகள்தான். கொப்பி நிறைய சரி அடையாளம். பெயரைக் கேட்டால் வாய் திறப்பதில்லை. அரசாங்கம் இலவசமாகத் தரும் பயிற்சிப் புத்தகத்துக்குக் கடையில் விடைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தெழுத வைத்தால் எப்படித் திறக்கும்? பிழையாகப் பேசினால் வீட்டில் சிரிப்பு வேறு. குர்ஆன் மத்ரஸாவில் பிழைவிட்டு ஓதித்தானே பிள்ளை திருந்துகிறது? அங்கே சிரிப்பீர்களா?

எங்களிலும் பிழை உண்டு. தமிழிலேயே விளக்கிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். இந்தத் தவணை பேச்சுத்தான் முதலில். கொப்பி வெறுமையாக இருக்கிறதென்று அதிபரிடம் ஓடாதீர்கள். வகுப்பில் பேசியதைப் பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், உங்களுக்கு விளங்காவிட்டாலும்.