சாவி யார் கையில் இருக்க வேண்டும்?



திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. நல்ல பூட்டு என்று எதைச் சொல்கிறோம்? திருடனுக்குத் திறக்கக்கூடாது; வீட்டுக்காரருக்குத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது பூட்டு. வீட்டுக்காரருக்கும் திறக்காத பூட்டைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்.

இந்த எளிய அளவுகோலைக் கணினிக்கும் வைத்துப் பார்ப்போம்.

தொப்பம்பட்டியில் ஒரு வீடு. அக்கா கல்லூரியில் படித்தபோது வாங்கிய மடிக்கணினி இப்போது தம்பியின் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் ஆண்டிவைரஸ் மென்பொருள் இருக்கிறது. அதன் சந்தா முடிந்து நாளாகிவிட்டது. பணம் கட்டு என்று அடிக்கடி திரையை மறைக்கிறது; கணினியும் மெதுவாகிவிட்டது. சரி, நீக்கிவிடலாம் என்றால் "அனுமதி இல்லை" என்கிறது. அதன் கோப்புறையை அழிக்கப் போனால் "பயன்பாட்டில் உள்ளது" என்கிறது. கடைசியில் பழனிக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ எடுத்துப் போனால், கடைக்காரர் வன்தட்டு முழுவதையும் துடைத்து ஃபார்மட் செய்து தருகிறார். ஆண்டிவைரஸ் போய்விடுகிறது. அதனுடன் அக்காவின் பாடக் குறிப்புகளும் குடும்பத்தின் புகைப்படங்களும் போய்விடுகின்றன!

ஒரு மென்பொருள் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? அதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. கணினிக்குள் நுழையும் நச்சு நிரல் முதலில் காவல்காரனைத்தான் அடிக்கும். 2008-இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற நச்சு நிரல், விண்டோஸின் பாதுகாப்புச் சேவைகளை நிறுத்தியது. ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் இணையதளங்களைத் திறக்கவிடாமலும் தடுத்தது. ஆகவே ஆண்டிவைரஸ்கள் தற்காப்பு கற்றுக்கொண்டன. இயங்குதளத்தின் உள்ளறையான கெர்னலில் அவை தம் டிரைவர்களை வைக்கின்றன. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், கணினி எழும்போது மற்ற டிரைவர்களுக்கு முன்னதாகவே எழும் உரிமையும் அவற்றுக்குக் கிடைத்தது. நிறுத்தினால் தானே மீண்டும் எழுந்துகொள்ளும் ஏற்பாடும் பலவற்றில் உண்டு.

இவ்வளவு அதிகாரம் பெற்ற காவல்காரன் தவறினால் என்ன ஆகும்? 2024 ஜூலை 19 அன்று உலகம் அதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனம் அந்தக் கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் முடங்கிப்போன கணினிகள் பலவற்றைச் சேஃப் மோடில் எழுப்பி, அக்கோப்பை மனிதர்களே கையால் அழிக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. காஸ்பர்ஸ்கி மென்பொருளுக்கு அமெரிக்க அரசு தடை விதித்திருந்தது. அங்குள்ள வாடிக்கையாளர் பலரின் கணினிகளில் அது தன்னையே நீக்கிக்கொண்டு, அல்ட்ரா ஏவி என்ற வேறொரு மென்பொருளை அமர்த்திவிட்டுச் சென்றது. காலையில் கணினியைத் திறந்தவர்கள், முன்பின் அறியாத காவல்காரன் வாசலில் நிற்பதைக் கண்டு திகைத்தார்கள்.

இவற்றிலிருந்து நான் சொல்ல விரும்புவது இதுதான்: தற்காப்பு தவறன்று, சாவியை ஒளித்து வைப்பதுதான் தவறு. நீக்குவது பிற நிரல்களுக்குக் கடினமாகவும் உரிமையாளருக்கு எளிதாகவும் இருக்க வேண்டும். "எளிதாக்கினால் நச்சு நிரலும் நீக்கிவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். உரிமையாளர் மட்டும் அறிந்த ஒரு கடவுச்சொல் இதற்குப் போதும். சில ஆண்டிவைரஸ்கள் இவ்வாறே செய்கின்றன. எனவே முடியாது என்பதற்கில்லை; மற்றவற்றுக்கு மனமில்லை என்பதே பொருள்.

உரிமையாளர் யார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. பள்ளி ஆய்வகக் கணினி உங்களுடையதன்று. அங்கே ஆண்டிவைரஸ் உங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் முறை. சாவி ஆசிரியரிடம் இருக்கட்டும்.

சொந்தக் கணினியில் என்ன செய்யலாம்? பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, முக்கியமான கோப்புகளை முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள். நிர்வாகி கணக்கில் நுழையுங்கள். ஆண்டிவைரஸின் அமைப்புகளில் தற்காப்பு என்ற பகுதியைத் தேடி அதை அணையுங்கள். கணினியை ஒருமுறை நிறுத்தி எழுப்பியபின், விண்டோஸின் செயலிகள் பட்டியலிலிருந்து நீக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், அந்த நிறுவனமே தனியாக ஒரு நீக்கும் கருவி தருகிறதா என்று பாருங்கள்; பல நிறுவனங்கள் தருகின்றன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் சேஃப் மோடுக்குப் போகும் வழி கிடைக்கும். அங்கே இன்றியமையாத டிரைவர்கள் மட்டுமே எழும். காவல்காரன் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பான். அப்போது கருவி தன் வேலையைச் செய்யும்.

கோப்புறையை மட்டும் கையால் அழித்துவிடாதீர்கள். நீக்கும் நிரலும் அதற்குள்தான் இருக்கிறது. வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டியது போலாகும். எஞ்சிய பதிவுகளைக் கண்டு, வேறு காவல் இருப்பதாக எண்ணி விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் ஒதுங்கியே இருந்துவிடவும் கூடும். முறையாக நீக்கினால் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும். அது இயங்குகிறதா என்று தவறாமல் பாருங்கள்.

நீக்கும் கருவியை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். தேடும்போது போலிகளும் வரும். "உங்கள் கணினியில் வைரஸ்" என்று பயமுறுத்தி, போலிக் கருவியை விற்பது ஒரு பெரிய மோசடி. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகள் பட்டியலிடப்பட்டன. இந்த மோசடி அவற்றில் ஒன்று. சந்தாவிலிருந்து விலக முடியாதபடி சிக்க வைப்பதும், ஓயாமல் நச்சரிப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. என் கருத்தில், நீங்க மறுக்கும் மென்பொருளும் அங்கே வெளிப்படையாக இடம்பெற வேண்டும். நிறுவும் முறையை விளக்கும் நிறுவனம், அதே பக்கத்தில் நீக்கும் முறையையும் அதே அளவு எழுத்தில் விளக்க வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. கணினிப் பாடத்தில் மென்பொருளை நிறுவக் கற்றுத் தருகிறோம். நீக்கவும் கற்றுத் தரவேண்டும். மிதிவண்டி ஓட்டப் பழகுகிறவர் பிரேக் பிடிக்கவும் பழகத்தானே வேண்டும்?

அடுத்த முறை யாராவது உங்கள் வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளைப் போட வந்தால், "இது என்ன செய்யும்?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "வேண்டாமென்றால் இதை எப்படி எடுப்பது?" என்றும் கேளுங்கள். விடை கிடைத்தபின் நிறுவலாம்.