மாவட்டப் பக்கத்தைத் தாண்டாத ஆட்டங்கள்

பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடைபெறுகிறது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இப்போட்டிக்கு அறுபது ஆண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. வங்கிகள், ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம் எனப் பெயர்பெற்ற அணிகள் இந்தச் சிறுநகரைத் தேடி வந்து ஆடியிருக்கின்றன. மின்னொளியில் நடக்கும் ஆட்டங்களைக் காண மக்கள் திரள்கிறார்கள்.

போட்டி நடக்கும் மே மாதத்தில்தான் ஐரோப்பியக் கால்பந்துப் பருவமும் நிறைவை நெருங்குகிறது. மான்செஸ்டரிலும் மாட்ரிடிலும் கோல் அடித்தவர் யார் என்பதைத் தமிழ் நாளிதழ்களின் எல்லாப் பதிப்புகளும் படத்துடன் சொல்கின்றன. பெரியகுளத்தில் கோப்பையை வென்றவர் யார் என்பதோ பெரும்பாலும் தேனி மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

கால்பந்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று. குமுளி மலைப்பாதையைக் கடந்தால் கேரளம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்குப் பிரம்மாண்டப் பதாகை நிறுத்திய மாநிலம் அது. அந்த ஆர்வம் கம்பம் பள்ளத்தாக்கு இளைஞர்களையும் தொற்றுவது இயல்பே.

ஆனால், ‘வாசகர் விரும்புவதையே தருகிறோம்’ என்று ஊடகங்கள் சொல்லும் விளக்கத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கால்பந்துதான் விருப்பம் என்றால், தமிழக மகளிர் கால்பந்து அணி 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் தேசிய சாம்பியன் ஆனதும், மதுரையின் சேது எஃப்சி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றதும் வீடுதோறும் பேசப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்திய ஆடவர், மகளிர் அணிகள் வென்றன. ஆடவர் அணியில் தமிழகத்தின் சுப்பிரமணி இருந்தார். அந்தப் பெயரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

சிக்கல் எந்த விளையாட்டு என்பதில் மட்டும் இல்லை. செய்தி எப்படி வந்துசேர்கிறது என்பதிலும் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்டத்தின் செய்தியும் படமும் முகமைகள் வழியே ஆயத்தமாக வந்துவிடுகின்றன. உள்ளூர் ஆட்டத்துக்கோ ஒருவர் நேரில் செல்ல வேண்டும். முல்லைப் பெரியாறு நீர்மட்டம், கம்பம் திராட்சை விலை, சாலை விபத்து என அனைத்தையும் கவனிக்கும் உள்ளூர்ச் செய்தியாளரின் தோளில்தான் அந்தச் சுமையும் விழுகிறது. அவர் எழுதி அனுப்பினாலும், மாவட்டப் பக்கத்துக்குப் போகும் செய்தியைப் பிற மாவட்டத்தவர் காண்பதில்லை.

இதனால் இழப்பது புகழை மட்டுமன்று. பெரியகுளத்துக்கு வரும் வங்கி, மின்வாரிய அணிகளில் ஆடுவோர் பலர், விளையாட்டால் அந்த நிறுவனங்களிலேயே பணி பெற்றவர்கள். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இப்படியொரு வழி இருப்பதை அறியாத பெற்றோர், பத்தாம் வகுப்பு வந்ததும் ‘விளையாட்டுப் போதும், படி’ என்கிறார்கள். பெண் பிள்ளை எனில் அந்தத் தடை இன்னும் முன்பே வந்துவிடுகிறது. புரவலர்களும் பெயர் தெரிந்த ஆட்டத்தையே நாடுகிறார்கள். செய்தி இல்லாததால் ஆதரவு இல்லை. ஆதரவு இல்லாததால் செய்தியும் இல்லை.

இந்தச் சுழலை உடைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. தேசிய அளவிலான போட்டி எந்த ஊரில் நடந்தாலும் அதன் முடிவை எல்லாப் பதிப்புகளின் விளையாட்டுப் பக்கத்திலும் வெளியிடலாம். மாவட்ட ஆட்டங்களுக்கென வாரம் ஒரு பக்கத்தை மாநிலம் முழுமைக்கும் ஒதுக்கலாம். இணையதளத்தில் இடப்பற்றாக்குறை என்ற காரணமும் இல்லை. போட்டி அமைப்பாளர்களும் சிறப்பு விருந்தினர் பட்டியலைக் காட்டிலும் ஆட்டக்காரர்களின் பெயர், புள்ளிவிவரம், படம் ஆகியவற்றை அன்றிரவே அனுப்பப் பழக வேண்டும்.

மாட்ரிட் செய்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதன் அருகில் பெரியகுளத்துக்கும் நான்கு வரி இடம் கேட்கிறேன். அந்த நான்கு வரிகள், மகளைத் தொடர்ந்து விளையாட அனுப்பலாமா எனத் தயங்கும் ஒரு வீட்டில் முடிவை மாற்றக்கூடும்.