தீவில் இறக்கிவிடப்பட்டவள்

வேட்டுக்கும் காலண்டருக்கும் பேர்போன சிவகாசியிலிருந்து 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டதும், கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரையொதுங்கியவனின் வம்சத்தவராகிய வேதாளர் அதன் ஏடுகளில் கானகத்துக்கே அதிபதியாய் வீற்றிருந்ததைக் கண்டு இப்பகுதிச் சிறுவர்கள் சொக்கிப்போனதும் பலரும் அறிந்த சங்கதி. கரையொதுங்குபவன் ஆண்மகனாயின் அவனுக்கு ஒரு ராஜ்யம் காத்திருக்கும் என்பது, 1719-இல் டீஃபோ ராபின்சன் குரூசோவைத் தீவில் குடியேற்றிய நாள்முதல், வெள்ளையர் சாகசக் கதைகளின் எழுதாத சாசனம்.

அந்தச் சாசனத்தைப் பெண்ணுக்கும் நீட்டிப் பார்த்தது, 1767-இல் லண்டனில் வெளியான 'தி ஃபீமேல் அமெரிக்கன்' என்ற நாவல். கப்பல் தலைவனின் மகனை மணக்க மறுத்த குற்றத்துக்காகத் தீவொன்றில் விடப்படும் நாயகி, அங்கு முன்பு வாழ்ந்த துறவியொருவனின் கையெழுத்துப் பிரதியைப் படித்து ஜீவனோபாயம் கற்று, சுதேசிகள் வழிபடும் சூரிய விக்கிரகத்தின் உட்குடைவில் புகுந்து நின்று, தெய்வமே பேசுவதுபோல் அவர்களுக்குக் கிறிஸ்தவ மார்க்கத்தை உபதேசிக்கிறாள். குரூசோவின் துப்பாக்கி செய்த வேலையை இங்கே விக்கிரகம் செய்கிறது என்பதற்கு மேல் இதில் பெரிய பேதமில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இவற்றுக்கெல்லாம் மிக முற்பட்ட தீவொன்று நம்மிடம் உண்டு. உ.வே.சா. 1898-இல் அச்சேற்றிய மணிமேகலையில், மணிபல்லவத்தில் இருவர் தனித்து விடப்படுகிறார்கள். காற்றினால் ஒருநாள் தங்கிய கப்பலிலிருந்து இறங்கிய ஆபுத்திரன், அவன் ஏறிவிட்டான் என்றெண்ணி மாலுமிகள் பாய்விரித்துப் போய்விட, வற்றாத அமுதசுரபி கையிலிருந்தும், உண்பிக்க ஓர் உயிரில்லாத இடத்தில் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்துறக்கிறான். பிற்பாடு, உறக்கத்திலேயே தெய்வம் கொணர்ந்து கிடத்திய மணிமேகலை, விழித்தெழுந்து தோழி சுதமதியைத் தேடித் தவித்து அழுதவள், அதே பொய்கையில் அதே பாத்திரத்தைப் பெறுகிறாள். அத்தீவில் அவள் ஒரு குடிசைகூடக் கட்டவில்லை. புகாருக்குத் திரும்பிப் பசித்தவர்க்கு இட்டு, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குகிறாள்.

1984-இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழை, போர்க்கால அகதிச் சிறுமியாய் நாடு நாடாக அலைந்து பிழைத்த மாடஸ்டி பிளைசிக்கு அளித்தது துணிவான காரியமே. ஆயினும் அவளும் லண்டன் பத்திரிகையொன்றிலிருந்து வந்திறங்கியவள்தான். நம் பைண்டிங் கூடங்களில் பாரம் மடித்துப் பின்னடிக்கும் பெண்கள் எந்தக் கதையிலும் கப்பலேறியதாக நமக்குத் தெரியவில்லை. (நம் மாவட்டத்துக்குக் கடற்கரையில்லை என்பது சமாதானமாகாது, வேதாளரின் கானகமுந்தான் இங்கில்லை.) அவர்களுள் ஒருத்தியைத் தீவில் இறக்கி, அரசாளவும் வைக்காமல், மீட்க வருபவனை எதிர்நோக்கி நிற்கவும் வைக்காமல், ஒரு கதையை எவரேனும் எழுதியனுப்பினால், பக்கக் கணக்குப் பாராமல் அடுத்த இதழிலேயே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.