கியூ முடிஞ்சதும் சைக்கிளை மறந்துட்டோம்

2022ஐ யாரும் லேசில் மறக்க மாட்டோம். பெற்றோல் ஷெட்டில் நாள்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கொழும்பில் ஒஃபிஸ் போறவர்கள்கூட சைக்கிளில் ஏறினார்கள். துருப்பிடிச்ச பழைய சைக்கிளுக்கும் விலை ஏறியது. 2023 செப்டெம்பரில் கியூஆரை நிறுத்தினார்கள். சைக்கிள்கள் திரும்பவும் வீட்டுப் பின்பக்கம் போய்விட்டன.

"சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனா யோசிச்சுப் பாருங்க: அந்த மாதங்களில் பெற்றோலோடு சேர்ந்து ரோட்டில் வாகனமும் குறைந்திருந்தது. பயமில்லாம ஓட்ட இடம் கிடைச்சது. பெற்றோல் வந்ததும் அந்த இடம் போச்சு.

நம்ம சிலாபத்தையே எடுங்க. மேடு பள்ளம் இல்லாத ஊர். டவுனில் இருந்து முன்னேஸ்வரம் கோயிலுக்கு கால் மணித்தியாலத்தில் மிதிச்சுப் போயிடலாம். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். சைக்கிளுக்கு இதைவிட நல்ல ஊர் எது? ஆனா கொழும்பு–புத்தளம் வீதிக்கு ஏறினா கதை வேறு. ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தும்போது மண்ணில் இறங்க வேண்டியது சைக்கிள்காரர்தான். கெரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போற ஐயாவுக்கு இது தினசரி வாழ்க்கை. 2022க்கு முன்னாலும் அவர் சைக்கிளில்தான் போனார், இப்பவும் அதில்தான் போறார். அவருக்காக யாரும் ரோட்டு போடவில்லை.

இன்னொரு பக்கம், "பைக் எடுக்க வசதி இல்லையா?" என்ற கேள்வி. ஞாயிறு காலை ஹெல்மட் போட்டு விலை கூடின சைக்கிள் ஓட்டினா அது ஃபிட்னஸ். திங்கட்கிழமை வேலைக்கு ஓட்டினா வறுமை. இந்த நினைப்பு நம்ம தலைமுறையோடயாவது முடியணும்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சில வீதிகளை வாகனங்களுக்கு மூடுகிறார்கள். இன்று அது நூறு கிலோமீற்றருக்கும் மேல். நாம அவ்வளவு கேட்கவில்லை. ரயில்வே ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் பூட்டி வைக்க கூரை போட்ட ஓர் இடம். பாடசாலைகளுக்குப் பக்கத்திலாவது வீதியோரம் சைக்கிளுக்கு கோடு போட்ட இடம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கடற்கரை ரோட்டில் வாகனம் இல்லாத இரண்டு மணித்தியாலம்.

பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். மற்றதில் பாதியை நகர சபையே பேசித் தொடங்கலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட இதைக் கேளுங்க. இன்னொரு பெற்றோல் தட்டுப்பாடு வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.