சீட்டில் விழுந்த கரை

தூண்டிலைப் போட்டிக்காகப் போடுவதா, ஆசைக்காகப் போடுவதா என்ற வழக்கு இங்கிலாந்தில் நூறாண்டைத் தாண்டிவிட்டது. 1653-இல் வெளிவந்த ஐசக் வால்டனின் தூண்டில் நூலை வேதமாகக் கொண்டவர்களுக்கு மீன்பிடிப்பது என்றால் ஆற்றோரம் அமர்ந்து உலகத்தை மறப்பது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஞாயிறு காலையில் குளக்கரையில் கூடி, பைக்குள் கைவிட்டுச் சீட்டெடுக்கிறார்கள். விசில் ஊதியதும் இரை தண்ணீரில் விழுகிறது. ஐந்து மணி நேரம் கழித்து மறு விசில். பிறகு தராசு வருகிறது. யார் வலையில் எடை அதிகமோ அவருக்கு வெற்றி.

எழுத்தில் கிடைத்த பெருமையெல்லாம் முதல் கட்சிக்கே போனது. போட்டிக்காரர்கள் ஆற்றின் அமைதியைக் கெடுத்தவர்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. அது நியாயமில்லை. அந்தப் போட்டிகளை யார் உண்டாக்கினார்கள் என்று பார்த்தால் போதும்.

ட்ரவுட்டும் சால்மனும் ஓடும் தெளிந்த ஆறுகளின் கரைகள் பெரும்பாலும் நிலப்பிரபுக்கள் கையில் இருந்தன. ஷெஃபீல்டில் கத்தி தீட்டியவர்களுக்கும் பர்மிங்காம் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் மிஞ்சியவை மந்தமாக ஓடும் ஆறுகளும் கால்வாய்களும்தான். அவற்றில் கிடைத்தவை ரோச், ப்ரீம் போன்ற, சீமான்கள் சீந்தாத மீன்கள். வாரம் முழுக்க உழைத்தவர்கள் மதுக்கடையில் கூடிக் கழகம் தொடங்கினார்கள். சலுகைக் கட்டண ரயிலேறி லிங்கன்ஷயரின் விதம் ஆற்றுக்குப் போனார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பந்தயம் வைத்தார்கள். நூறு பேர் ஒரே கரையில் உட்கார வேண்டும் என்றால் இடச்சண்டை வரும். அதற்காகக் கரையில் முளையடித்து, எண் எழுதி, சீட்டுக் குலுக்கினார்கள். 1903-இல் தேசியக் கூட்டமைப்பு பிறந்தது. 1906-இல் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஆற்றங்கரையில் ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லாதவர்கள் தங்களுக்கென உண்டாக்கிக்கொண்ட விளையாட்டு இது. அதை மட்டமாகப் பேசுவதற்கு முன் இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும்.

சீட்டில் விழுந்த இடம் என்பதுதான் போட்டியின் உயிர். ஆசைக்குப் பிடிப்பவர் மீன் புரளும் இடம் பார்த்து, மரநிழல் பார்த்து உட்காருவார். கடி இல்லையென்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். போட்டிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. 47-ஆம் முளை விழுந்தால் விசில் ஊதும்வரை 47-ஆம் முளைதான், எதிரே வெறும் கலங்கல் தண்ணீர் என்றாலும்.

அங்கே அவர் செய்யும் முதல் வேலை ஆழம் பார்ப்பது. முள்ளில் ஈயக்கட்டியை மாட்டி இறக்கி, தக்கையை ஏற்றியும் இறக்கியும், அடியில் மேடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று விரற்கடை பிசகாமல் கண்டுபிடிக்கிறார். கையில் இருப்பது 16 மீட்டர் வரை நீளும் கார்பன் கழி. தூண்டில் நரம்பின் தடிமன் 0.10 மில்லிமீட்டர். முள் அரிசிமணி அளவுதான். அதில் ஒரே ஒரு புழு. பத்துப் பதினைந்து புழுக்களைக் கவணால் தக்கையைச் சுற்றி எறிகிறார். அதிகம் எறிந்தால் மீனின் வயிறு நிறைந்துவிடும். குறைத்தால் கூட்டம் பக்கத்து முளைக்குப் போய்விடும். தக்கையின் நுனி சற்றே அமிழ்ந்ததும் கழியைத் தூக்க வேண்டும். பின்னாலிருக்கும் உருளைமேல் கழியை ஓட்டி, பாதியைக் கழற்றி, மீனை வலைப்பையில் விட்டு, மறுபடி புழு கோக்க வேண்டும். 30 கிராம் மீன்களே கிடைக்கும் கால்வாயில் நூறு மீன் சேர்த்தால்தான் மூன்று கிலோ.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. இங்கிலாந்தின் பாப் நட் 1990, 1991, 1994, 1999 என நான்கு முறை தனிநபர் உலகப் பட்டம் வென்றார். யார்க்‌ஷயர்க்காரர் ஆலன் ஸ்காட்தார்ன் ஐந்து முறை வென்றார். ஒவ்வொரு முறையும் வேறு தண்ணீர். ஒவ்வொரு முறையும் சீட்டில் விழுந்த இடம். மோசமான இடத்திலிருந்தும் மீனை வரவழைக்கும் வித்தையை, பிடித்த இடத்திலேயே உட்காருபவர் ஆயுள் முழுக்கக் கற்காமல் போகலாம்.

ஆனாலும் போட்டியால் கற்றுத்தர முடியாதது ஒன்று இருக்கிறது. அது காத்திருப்பு.

பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1952 செப்டம்பரில் ஹெர்ஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். ஏறக்குறைய 20 கிலோ. அந்த மீன் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. மீன் இரையை எடுத்ததும் ஒலிக்கும் மின்கருவி என்ற யோசனை, இரவெல்லாம் காத்திருந்து பிடித்த அவரைப் போன்ற ஒருவருக்கே தோன்றும். அதே குளத்தில் 1980-இல் கிறிஸ் யேட்ஸ் ஐம்பத்தொன்றரை பவுண்டு கெண்டையைக் கரைசேர்த்தார். ஐந்து மணி நேர விசில் கணக்கில் இப்படிப்பட்ட மீன்களுக்கு இடமில்லை. ஒரே மீனுக்காகக் காத்திருப்பவர் போட்டியில் அநேகமாக வெறும் வலையோடுதான் எழுந்திருப்பார்.

ஆசைக்குப் பிடித்தவர்கள் எழுதிவைத்த கணக்கு நம் காவிரிக்கும் உதவியிருக்கிறது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் கலிபோரே என்ற இடத்தில், மஹ்சீர் கெண்டையைப் பிடித்து மறுபடி ஆற்றில் விடுபவர்களுக்கான முகாம் நடந்தது. வந்தவர்கள் எத்தனை நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன சிக்கியது, என்ன எடை என்றெல்லாம் அங்கே குறித்துவைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு பிரித்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகிக்கொண்டிருந்தது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் அருகிக்கொண்டிருந்தது. 2018-இல் அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலில் ஏறியது. பரிசு எதையும் எதிர்பாராதவர்களின் குறிப்பேடு இல்லையென்றால், இந்தச் சரிவு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

போட்டி கெடுவது பணம் கூடும்போது. பரிசும் எடையும் பெரிதாக வேண்டும் என்ற ஆசையில், கெண்டையைத் திணித்து வளர்க்கும் வாடகைக் குளங்கள் இங்கிலாந்தில் பெருகின. ஒரே ஆள் நூறு பவுண்டுக்கு மேல் பிடிப்பது அங்கே சாதாரணம். ஆற்றின் ஓட்டத்தையும் வெள்ளத்தையும் படித்தறிய வேண்டிய வேலை அங்கே பாதி குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2022 செப்டம்பரில் நடந்தது இன்னும் மோசம். கிளீவ்லாந்தில் ஈரி ஏரிப் போட்டி ஒன்றில் முதலிடம் பெறவிருந்த இருவரின் மீன்களைப் போட்டியை நடத்தியவர் அறுத்துப் பார்த்தார். வயிற்றில் ஈயக்குண்டுகள் இருந்தன. வேறு மீனின் சதைத்துண்டுகளும் இருந்தன. பரிசு சுமார் 29,000 டாலர். மறு ஆண்டு இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறைக்குப் போனார்கள்.

இந்த வழக்கில் மூன்றாவது தரப்பு மீன். 2003-இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தினர், ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் வலியுணர் நரம்புகள் இருப்பதை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான காரணமில்லாமல் விலங்குக்கு வலி கொடுக்கக் கூடாது என்கிறது; பரிசுக்காக மட்டும் நடத்தும் மீன்பிடிப் போட்டி அங்கே சட்டத்தின் முன் நிற்பதில்லை. சுவிட்சர்லாந்தில், திருப்பி விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதற்கு 2009 முதல் தடை. இது போட்டிக்காரர்களை மட்டும் சுடும் கேள்வி அல்ல. படமெடுத்துவிட்டுத் தண்ணீரில் விடும் ஆசைக்காரரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பொழுதுபோக்குக்காகத்தான் பிடித்தேன் என்பது மீனின் வாய்க்காயத்தை ஆற்றாது. இதில் போட்டி உலகம் நல்ல வழியும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டிகளைத் தொடங்கிய ரே ஸ்காட், 1972-இல் பிடித்த மீனைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கத்தைத் தன் போட்டிகளிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். படகில் காற்றூட்டிய தொட்டியில் மீனை உயிரோடு வைத்து, எடை போட்டு, திரும்ப விட்டார்கள்.

ஆகவே எந்தப் பக்கம் போவது என்று தயங்கும் இளைஞர் சில பருவங்களாவது கழகப் போட்டியில் இறங்குவதுதான் நல்லது. பக்கத்து முளைக்காரர் எப்படி இரை போடுகிறார், தனக்கு வராத மீன் அவருக்கு ஏன் வருகிறது என்று பார்த்துக் கற்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் எடை எழுதப்படாத நாளில் கரைக்குப் போகவே மனம் வரவில்லை என்றால், அல்லது தோற்ற கோபம் மறுநாள் வேலைக்கும் கூடவே வருகிறதென்றால், போட்டியை விட்டுவிட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரும்பணப் பந்தயங்கள் பக்கம் போகாமலிருப்பது மேல். சேருகிற கழகத்தையும் விசாரித்துச் சேர வேண்டும். ஒரு வலைப்பையில் எத்தனை பவுண்டு மீன் விடலாம் என்று வரம்பு இருக்கிறதா? எடை போடுபவர்கள் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுகிறார்களா? வெயில் ஏறித் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் நாட்களில் போட்டியைத் தள்ளிவைக்கிறார்களா? இதற்கெல்லாம் இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கழகத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்டக் கூடாது.