தோண்டுகிறவன் யோசிக்கலாகாதாம்!

சென்ற வாரம் ஒரு கலியாணப் பந்தியில், தத்துவ சாஸ்திரம் படிக்கும் பெண்ணொருத்தி அகழ்வாராய்ச்சியிலும் இறங்கப்போவதாகச் சொன்னதுதான் தாமதம், எதிர் இலையிலிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், "ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம், அம்மா, யோசிக்கிறவன் யோசிக்கட்டும், தோண்டுகிறவன் தோண்டட்டும்" என்று உபதேசித்தருளினார். பந்தி முழுவதும் தலையாட்டிற்று. படித்தவர்கள் கூடுமிடமெல்லாம் வேதவாக்காக வழங்கும் இந்த அபத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

காலிங்வுட் என்றொருவர் இருந்தாரே, அவரை என்ன செய்வது? இயற்கையைப் பற்றி விஞ்ஞானம் கொண்டிருந்த கருத்துக்களைக் கிரேக்கர் காலந்தொட்டு ஆராய்ந்தவர். 1935 முதல் 1941 வரை ஆக்ஸ்போர்டில் தத்துவப் பேராசிரியர். வட இங்கிலாந்தின் ரோமானியக் கோட்டைகளை அகழ்ந்தவரும் அவரே. ஹாட்ரியன் சக்கரவர்த்தி கி.பி. 122-ல் தொடங்கிய நெடுஞ்சுவரைத் தலைமுறை தலைமுறையாக அளந்தவர்களும் தோண்டியவர்களும் அது இன்ன காலத்தது, இன்னார் கட்டியது என்பதிலேயே லயித்திருக்க, அது எதற்காக என்று அழுத்திக் கேட்டு, 1921-ல், அது போர்மேடையன்று, காவலர் உலாவும் உயர்ந்த பாதையே என்று எழுதியவர் இந்தத் தத்துவவாதி. அப்படியாயின் சுவர் முடியும் போனெஸ்ஸுக்கு அப்பால், கடற்கரையோரமும் காவற்கோபுரங்கள் இருந்திருக்க வேண்டுமே என்று அவர் மேலும் கேட்டுப் பழைய அறிக்கைகளைப் புரட்ட, எவனோ என்றோ கண்டெடுத்துப் பயன் விளங்காமல் மறந்துபோன கோபுரங்கள் அங்கே இருந்தன! உண்மைகள் தாமே பேசும் என்பவர்கள் சொல்லட்டும்: காலிங்வுட் வந்து கேட்கும்வரை அந்தக் கோபுரங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

1937-ல் பென்ரித் அருகே அவர் தோண்டிக் கண்டு, மனிதர் வெட்டியவை என்று கொண்ட குழிகள் இயற்கையாய் அமைந்தவையே என்று, 1939-ல் அங்கே தோண்டிய பெர்சு என்னும் அகழ்வாராய்ச்சியாளர் காட்டிவிட்டாரே என்பார்கள். ஆம், ஒரே துறையில் ஊறியவர்கள் தோண்டிய குழிகளில்தான் தவறே நேர்ந்ததில்லை போலும்!

கேள்வியில்லாமல் மண்வெட்டியைத் தொடாதே என்பதே காலிங்வுட் ஓயாமல் வற்புறுத்தியது. நாமோ கேள்வி பிறக்குமுன்பே விடைகளை அச்சிட்டு, பரீட்சைக்கு முந்திய வாரம் நோட்ஸ் என்று விற்கிறோம். அதை நெட்டுருப்போட்டுத் தேறியவர்களே பிற்பாடு தேர்வுக் குழுவில் அமர்கிறார்கள். இன்று காலிங்வுட்டே உத்தியோகம் கேட்டு வந்தாலும், தத்துவத் துறையார் மண்வெட்டிக்காரர் என்றும், சரித்திரத் துறையார் வேதாந்தி என்றும் கை விரிப்பார்கள். அதற்கு முன்பே, 'துறை' என்னும் கட்டத்தில் இரண்டு எழுதிய குற்றத்துக்காக, குமாஸ்தா மனுவைத் திருப்பியனுப்பியிருப்பார்.